பிசிஓஎஸ்-க்கு எடைகுறைப்பு ஆபரேஷன்: 3.8 லட்சம் லோன் போடலாமா?



போன ஆடி மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ என் சித்தி பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. "அண்ணா, பர்சனல் லோன் 14 பர்சென்ட்னு சொல்றாங்க. 4 வருஷம். வாங்கலாமா?"

எதுக்கும்மா லோன்னு கேட்டேன். சித்தி அடுப்படியில இருக்காங்களான்னு எட்டிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா. "வயித்துல ஒரு ஆபரேஷன். வெயிட் குறையறதுக்கு. அது பண்ணா பிசிஓஎஸ் சரியாயிடுமாம்."

எங்க ஊர் உத்திரமேரூர். அவளுக்கு 27 வயசு. காலையில 5.30-க்கு கம்பெனி பஸ் ஏறினா வாலாஜாபாத் வழியா ஒரகடம். ஷிஃப்ட் மாறி மாறி வரும், வேலை முழுக்க உட்கார்ந்தபடி. கைக்கு வர்ற சம்பளம் 24,000. உயரம் 158 செ.மீ., எடை 90 கிலோ. பீரியட்ஸ் ரெண்டு மாசம், சில சமயம் மூணு மாசம் வராது. தாடையில முடி. வீட்ல வரன் பார்க்க ஆரம்பிச்சாச்சு. சென்னையில ஒரு தனியார் மருத்துவமனை எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் ரூ.3,80,000.

பேர் போடாம எழுதிக்கோண்ணான்னு அவளே சொன்னதால இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்லை. ஆனா ஒரு லோன் சரியா தப்பான்னு சொல்லணும்னா, அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்னு முதல்ல தெரியணும் இல்லையா? அதனால இந்தத் தடவை வட்டிக் கணக்குக்கு முன்னாடி கொஞ்சம் மருத்துவமும் படிச்சேன்.

ஆபரேஷன் நிஜமாவே வேலை செய்யுமா?

செய்யும். ஆனா எல்லாருக்கும் இல்லை, எல்லா அறிகுறிக்கும் ஒரே அளவிலயும் இல்லை.

பிசிஓஎஸ்னா கருப்பையில கட்டின்னு நம்ம ஊர்ல பல பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது தப்பு. கருப்பை வேற, சினைப்பை வேற. ஸ்கேன்ல தெரியற அந்தச் சின்னச் சின்னக் குமிழ்கள் கட்டியே இல்லை, முழுசா வளராம நின்னுபோன கருமுட்டைப் பைகள். மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண்தன்மை ஹார்மோன் அதிகம், ஸ்கேன்ல அந்தக் குமிழ்கள், இந்த மூணுல ரெண்டு இருந்தா, வேற காரணம் எதுவும் இல்லைன்னு உறுதிப்படுத்திட்டு டாக்டர் பிசிஓஎஸ்னு சொல்வார். ஐசிஎம்ஆர் ஆதரவோட நம்ம நாட்டின் பல மண்டலங்கள்ல 18 முதல் 40 வயசுப் பெண்கள்கிட்ட நடந்த ஆய்வு 2024-ல வெளியாச்சு. இந்த அளவுகோலை வெச்சுப் பார்த்தா 19.6 சதவீதம். உங்க டீம்ல பத்துப் பெண்கள் இருந்தா ரெண்டு பேர்னு வெச்சுக்கோங்க.

எடைக்கும் இதுக்கும் நடுவுல பாலம் மாதிரி இருக்கறது இன்சுலின். உடம்பு இன்சுலினுக்கு சரியா பதில் சொல்லாதப்போ, கணையம் இன்னும் அதிகமா சுரக்கும். அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைப் போய் உசுப்பி ஆண்தன்மை ஹார்மோனைக் கூட்டும். முட்டை வெளியேறாது, பீரியட்ஸ் தள்ளிப்போகும், தேவையில்லாத இடத்துல முடி வளரும். எடை கூடினா இந்தச் சுழற்சி இன்னும் வேகமாகும். எடை குறைஞ்சா தளரும். அதனாலதான் உடல் எடையில 5 முதல் 10 சதவீதம் குறைஞ்சாலே பல பேருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருது. 90 கிலோ பொண்ணுக்கு அது நாலரைல இருந்து ஒன்பது கிலோ. இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒல்லியா இருந்தும் பிசிஓஎஸ் வரும். அவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போ ஆபரேஷன். அதிகமா செய்யறது ஸ்லீவ். இரைப்பையில கிட்டத்தட்ட 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பாங்க. வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ்னா சின்னதா ஒரு இரைப்பைப் பை அமைச்சு, குடலை நேரா அதோட இணைப்பாங்க.

லண்டன் இம்பீரியல் காலேஜ் குழு நடத்தின ஒரு சோதனை 2024-ல லான்செட் இதழ்ல வந்தது. பிசிஓஎஸ் இருக்கிற, பிஎம்ஐ 35-க்கு மேல இருக்கிற 80 பெண்கள். குலுக்கல் முறையில பாதிப் பேருக்கு ஸ்லீவ் ஆபரேஷன், மீதிப் பேருக்கு மருந்தும் உணவுப் பழக்க ஆலோசனையும். 52 வாரம் கழிச்சுப் பார்த்தா, ஆபரேஷன் பக்கம் சராசரிப் பெண்ணுக்கு 6 தடவை முட்டை வெளியேறியிருக்கு. மருந்து பக்கம் 2 தடவை. அப்போ 12 மாசத்துல ஆறு. பாதி மாசம் இன்னும் வரலைன்னும் இதைப் படிக்கலாம். சிக்கல்களும் ஆபரேஷன் பக்கம்தான் அதிகம். சிகிச்சையால உயிரிழப்பு ரெண்டு பக்கமும் இல்லை.

இன்னொரு கணக்கு, எனக்கு இதுதான் ரொம்ப உபயோகமா இருந்தது. 2016-ல பழைய ஆய்வுகள் பலதைச் சேர்த்து, ஆபரேஷன் செஞ்ச 2,130 பெண்களை வெச்சு ஒரு தொகுப்பு வந்தது. மாதவிடாய் ஒழுங்கில்லாம இருந்தவங்க ஆபரேஷனுக்கு முன்னாடி 56 சதவீதம், அப்புறம் 8 சதவீதத்துக்கும் கீழே. ரொம்பப் பெரிய மாற்றம். ஆனா முகத்துல, உடம்புல தேவையில்லாத முடி? 67 சதவீதம், 39 சதவீதமா மட்டும்தான் குறைஞ்சிருக்கு.

இதைத் தங்கச்சிகிட்ட சொன்னப்போ அவ முகம் சுருங்கிப்போச்சு. "அப்போ தாடி போகாதாண்ணா?" அவளை அரிச்சுக்கிட்டிருந்தது பீரியட்ஸ் இல்லை, தாடையில வர்ற முடிதான். அதுக்குத்தான் 3.8 லட்சம் கடன் வாங்கக் கிளம்பியிருக்கா. போதாததுக்கு, ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது மாசத்துல இருந்து தலைமுடி கொட்ட ஆரம்பிக்கும், சில மாசம் கழிச்சுத்தான் நிக்கும். வேகமா எடை குறையும்போது வழக்கமா நடக்கறது. எஸ்டிமேட் கொடுத்த இடத்துல யாரும் அவகிட்ட இதைச் சொல்லலை.

நீங்களோ உங்க வீட்ல யாரோ இதை யோசிக்கிறீங்கன்னா, முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க: எந்த அறிகுறி போகணும்னு இதைச் செய்யறோம்? முடின்னா அதுக்கு மாத்திரை இருக்கு, லேசர் இருக்கு, தோல் டாக்டர் இருக்கார். குழந்தைன்னா லெட்ரோசோல்னு ஒரு மாத்திரை இருக்கு. 2023-ல வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல்ல, முட்டை வெளியேறாததால குழந்தை தள்ளிப்போறவங்களுக்கு முதல்ல கொடுக்க வேண்டிய மருந்து அதுதான். விலையும் ரொம்பக் குறைவு. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, பீரியட்ஸ் எல்லாம் சேர்ந்து, பிஎம்ஐயும் ரொம்ப மேல இருந்தா, அப்போ ஆபரேஷன் பேச்சுக்கு அர்த்தம் இருக்கு.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

"கம்பெனில இன்சூரன்ஸ் இருக்கே, அதுல கிளெய்ம் பண்ணலையா?"ன்னு கேட்டேன். "ஆஸ்பத்திரியில கேட்டாங்க, வராதுன்னுட்டாங்க"ன்னா. ஏன் வராதுன்னு யாரும் சொல்லலை. பாலிசி வேர்டிங் பிடிஎஃப்-ஐ வாங்கி நானே உட்கார்ந்து படிச்சேன்.

ஐஆர்டிஏஐ 2019-ல எல்லா ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பொதுவா ஒரு விலக்குப் பட்டியல் போட்டது. உங்க பாலிசியைத் திறந்து பாருங்க, எக்ஸ்கிளூஷன் 06-ன்னு ஒண்ணு இருக்கும். எடைகுறைப்பு ஆபரேஷனுக்குக் காசு கிடையாது, இந்த நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினா மட்டும் உண்டுன்னு போட்டிருக்கும். டாக்டர் பரிந்துரைச்சிருக்கணும், மருத்துவ நெறிமுறைப்படி ஆதாரம் இருக்கணும், வயசு 18 ஆகியிருக்கணும். பிஎம்ஐ 40 அல்லது மேல. இல்லைன்னா பிஎம்ஐ 35 அல்லது மேல இருந்து, எடை குறைக்க மத்த வழிகளை முயற்சி பண்ணியும் முடியாம, இந்த நாலு கடுமையான நோய்ல ஒண்ணு இருக்கணும்: உடல் பருமனால வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்கு அடங்காத டைப் 2 சர்க்கரை.

நாலையும் திரும்பப் படிங்க. பிசிஓஎஸ் அதுல இல்லை.

தங்கச்சியோட பிஎம்ஐ 36. (எடையை மீட்டர்ல உயரத்தால ரெண்டு தடவை வகுங்க: 90-ஐ 1.58-ஆல, திரும்பவும் 1.58-ஆல.) நாற்பதைத் தொடலை. முப்பத்தஞ்சைத் தாண்டிட்டா, ஆனா நாலு நோய்ல எதுவும் இல்லை. மூணு மாத சர்க்கரை சராசரி 6.1, அதாவது சர்க்கரை நோயோட வாசப்படியில நிக்கறா, உள்ள போகலை. இன்சூரன்ஸ் பார்வையில அவ போதுமான அளவு நோயாளி இல்லை!

எங்க ஊர்க்காரனுக்கு இந்த இடத்துல ஒண்ணு ஞாபகம் வராம இருக்காது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி, யார் தேர்தல்ல நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு செதுக்கி வெச்சிருக்காங்க. 35 வயசுக்கு மேல, 70-க்குக் கீழ. சொந்த மனையில வீடு. கணக்குக் காட்டாம விட்டவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது. நிபந்தனை ரொம்பக் கடுமைதான், ஆனா ஊர் நடுவுல சுவத்துல இருந்தது. நம்ம பாலிசி நிபந்தனை பக்கம் பக்கமா பிடிஎஃப்ல எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. பிரீமியம் கட்டறப்போ யாரும் காட்டறதில்லை.

எனக்கு உறுத்தற விஷயம் இன்னொண்ணு. நம்ம உடல்வாகுக்குக் குறைஞ்ச எடையிலயே சர்க்கரையும் இதய நோயும் வந்துடும். அதனால இந்திய டாக்டர்கள் பல வருஷமா வெச்சிருக்கற அளவு, பிஎம்ஐ 37.5, கூட நோய் இருந்தா 32.5. இன்சூரன்ஸ் அளவு 40, 35. டாக்டர் "உனக்கு இது தேவை"ன்னு சொல்றதுக்கும், கம்பெனி "நான் தரேன்"னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம். சம்பளக்காரப் பிள்ளைங்க பர்சனல் லோன் எடுக்கறது அந்தப் பள்ளத்துல விழுந்துதான்.

அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு குறுக்கு வழியும் காட்டுவாங்க. தங்கச்சிக்குக் காட்டினாங்க. "குறட்டை விடுவீங்களா? கடுமையான ஸ்லீப் ஆப்னியான்னு போட்டுக்கலாம்"னு இன்சூரன்ஸ் டெஸ்க்ல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாராம். இதுக்கு மட்டும் தலையாட்டாதீங்க. 60 மாசம் தொடர்ந்து பிரீமியம் கட்டிட்டா, பழசைத் தோண்டி கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னு இப்போ விதி இருக்கு. ஆனா மோசடின்னு நிரூபணமானா அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாட்டினா பாலிசியே போயிடும், அப்புறம் வேற கம்பெனியும் யோசிக்கும்.

ஆனா நேர்மையா பரிசோதனை பண்ணிக்கறது வேற. பிசிஓஎஸ் இருக்கறவங்களுக்குத் தூக்கத்துல மூச்சு அடைக்கிற பிரச்சனை மத்தவங்களைவிட அதிகம். அவ நிஜமாவே குறட்டை விடுவா, பகல்ல தூங்கி விழுவா. ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனைக்கு 5,500 ரூபாய் கட்டினோம். மணிக்கு 17 தடவை மூச்சு தடைபடுது. 30-க்கு மேல இருந்தாத்தான் 'கடுமை'. இவளுக்கு நடுத்தரம். கிளெய்ம் வராது. அந்த 5,500 வீண் இல்லை, அதுக்கான சிகிச்சை இப்போ நடக்குது.

இன்னும் சில இடத்துல கால் இடறும், வேகமா சொல்லிடறேன். குழந்தையின்மை சிகிச்சை எக்ஸ்கிளூஷன் 17, அதுவும் பொதுவா கிடையாது. பல பாலிசியில எடைகுறைப்பு ஆபரேஷனுக்குத் தனியா ரெண்டு, மூணு வருஷக் காத்திருப்பு உண்டு. பாலிசி எடுக்கறப்போ பிசிஓஎஸ் இருக்குன்னா சொல்லிடுங்க. முன்பே இருக்கிற நோய்க்கான காத்திருப்பு 2024-க்கு அப்புறம் அதிகபட்சம் 36 மாசம்தான், மறைச்சு வெச்சு மாட்டறதைவிட அது மேல். கம்பெனி குரூப் பாலிசியில கூடுதல் சலுகை கேட்டு வாங்கியிருக்கலாம், எச்ஆர்கிட்ட மெயில்ல கேளுங்க, வாய்வார்த்தையா வேண்டாம். சம்பளம் 21,000-க்குள்ள இருந்து ஈஎஸ்ஐ பிடிச்சா, டிஸ்பென்சரி வழியா ரெஃபரல் கேட்டுப் பாருங்க. தகுதி இருந்தா நோய் விடுப்புக்கு 70 சதவீதச் சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். வேலைக்குப் போற பிள்ளை இருக்கற வீட்ல அது பெரும்பாலும் தாண்டிடும்.

லோன் கணக்கு

3,80,000 ரூபாய், 14 சதவீதம், 48 மாசம். மாச இஎம்ஐ ரூ.10,384. மொத்தம் கட்டறது ரூ.4,98,432. வட்டி மட்டும் 1,18,000-க்கு மேல. இதுக்கு வரிச் சலுகை எதுவும் கிடையாது.

ஆனா எஸ்டிமேட்ல வராத செலவுதான் நம்மாளுங்களை அடிக்கும். இரைப்பை சின்னதானதும் சத்துக்கள் போதுமான அளவு சேராது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, இதெல்லாம் வாழ்நாள் முழுக்க. முதல் வருஷம் புரோட்டீன் பவுடர். ரத்தப் பரிசோதனை முதல் வருஷம் பல தடவை, அப்புறம் வருஷா வருஷம். அவளுக்கு நான் போட்ட கணக்குல முதல் வருஷம் மாசம் 2,500. வீட்டுக்குக் கொடுக்கறது 8,000. 24,000-ல இருந்து எல்லாத்தையும் கழிச்சா கையில நிக்கறது 3,116 ரூபாய். அதுல ஃபோன், துணிமணி, ஒரு நல்லது கெட்டது. ஆபரேஷனுக்கு எடுக்கற ரெண்டு வாரம் லீவ்ல பாதி, சம்பளம் இல்லாத லீவ். எமர்ஜென்சி ஃபண்ட் பூஜ்யம். ஆபரேஷனுக்கு அப்புறம் ஏதாவது சிக்கல்னு திரும்ப அட்மிட் ஆனா? "சித்தி நகைதான்"னா. அந்த நகை எதுக்கு வெச்சிருக்காங்கன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்போ ஊசி?"ன்னு அடுத்த கேள்வி வரும். 2025 மார்ச்ல மௌஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தப்போ 2.5 மி.கி. வயல் 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375. வாரத்துக்கு ஒண்ணு. அந்த விலையில 5 மி.கி.ன்னா மாசம் 17,500. ரெண்டு வருஷத்துல ஆபரேஷன் காசைத் தாண்டிடும், நிறுத்தினா எடை திரும்ப ஏறும். குழந்தைக்குத் திட்டமிடறப்போ நிறுத்தியே ஆகணும். இன்னொரு மருந்தான செமாக்ளூடைடோட காப்புரிமை இந்தியாவுல 2026 மார்ச் வரைக்கும்தான், அதனால உள்நாட்டுத் தயாரிப்புகளோட விலையைப் பார்த்துட்டுப் பேசறதுதான் புத்திசாலித்தனம். மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கற வேலை மட்டும் வேண்டாம்.

கல்யாணப் பேச்சு இருக்கற வீட்டுக்கு

இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் குறைஞ்சது 12 முதல் 18 மாசம் கர்ப்பம் தரிக்கக் கூடாதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க. எடை சரசரன்னு இறங்கற காலத்துல அம்மாவுக்கே சத்து பத்தாது, குழந்தைக்கு எங்க போறது? அதே நேரம், பீரியட்ஸ் சீராகறதால கர்ப்பம் எதிர்பார்க்காம தங்கிடவும் செய்யும். "எனக்குத்தான் பிசிஓஎஸ் ஆச்சே"ன்னு பாதுகாப்பு இல்லாம இருந்தவங்களுக்கு இது அதிர்ச்சியா வரும். பைபாஸ் மாதிரி ஆபரேஷன்ல கருத்தடை மாத்திரை சரியா உறிஞ்சப்படாமப் போகலாம்கறதால வேற முறை கேட்டுக்கணும்.

எங்க ஊர்ல கல்யாணம் ஆன மூணாவது மாசம் "விசேஷம் உண்டா?"ன்னு கேட்க ஆரம்பிச்சுடுவாங்க. ஒன்றரை வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற மாமியார் வீட்டை யார் தேடித் தர்றது? அதனால செய்யறதுன்னு முடிவு பண்ணா, வரன் பார்க்கறதுக்கு முன்னாடியே செய்யணும், இல்லைன்னா வரப்போறவர்கிட்ட வெளிப்படையா பேசியிருக்கணும். "வயித்துல நாலு சின்னத் தழும்பு எப்படி வந்துச்சு"ங்கற கேள்வியோட ஒரு வாழ்க்கை ஆரம்பிக்கக் கூடாது.

எங்கே செய்யறீங்க என்பதும் காசுதான்

2024 ஏப்ரல்ல புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசுப் பையன், சென்னைப் புறநகர்ல ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடைகுறைப்பு ஆபரேஷனுக்குப் போனான். திரும்பி வரலை. அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையோட அனுமதியைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சது. அனுபவமுள்ள இடங்கள்ல இந்த ஆபரேஷன்ல உயிரிழப்பு ஆயிரத்துல ஒண்ணுங்கற அளவுலதான் இருக்கு, பித்தப்பை ஆபரேஷனோட ஒப்பிடற மாதிரி. பயமுறுத்த சொல்லலை. ஆனா "பக்கத்துல 80,000 கம்மியா செய்யறாங்க"ன்னு இடம் மாத்தறதுக்கு இது மளிகைச் சாமான் இல்லை. முழு வசதி ஐசியு உள்ளேயே இருக்கா, மயக்க டாக்டர் அதிக எடை நோயாளிகளுக்குப் பழகினவரா, அந்த சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை செய்யறார், டயட்டீஷியன் ஒரு வருஷம் கூட இருப்பாங்களா, அந்தக் கட்டணம் பேக்கேஜ்ல சேர்ந்திருக்கா? இதைக் கேட்டா முகம் சுளிக்கற இடத்துல செய்யாதீங்க.

செகண்ட் ஒபினியனுக்கு அரசு மருத்துவமனைக்குப் போங்கன்னு நான் எப்பவும் சொல்வேன்.  சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி ரெண்டுலயும் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ பிரிவு இருக்கு. எங்க ஊர்க்காரங்களுக்கு செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பஸ் தூரம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். உங்க பிஎம்ஐ 42, சர்க்கரை மருந்துக்கு அடங்கலை, பாலிசி காத்திருப்புக் காலமும் முடிஞ்சிருச்சுன்னா, "கத்தி வைக்கறதா?"ன்னு பயந்து வருஷக்கணக்கா தள்ளிப்போடறதுதான் நஷ்டம். கம்பெனி காசு கொடுக்கும், பலனும் உங்களை மாதிரி ஆளுக்குத்தான் அதிகம். டாக்டர்கிட்ட போய்ப் பேசுங்க. இந்தக் கட்டுரையை வெச்சு யாரும் அவங்களை 'சோம்பேறித்தனம்'னு கிண்டல் பண்ணாதீங்க. தமிழ்நாட்டுல 2015-16 சர்வேயில அதிக எடையில இருந்த பெண்கள் 30.9 சதவீதம், அடுத்த சர்வேயில 40.4 சதவீதம். நாலஞ்சு வருஷத்துல பத்து சதவீதம் பெண்கள் புதுசா சோம்பேறி ஆயிட்டாங்களா என்ன? ஷிஃப்ட், கேன்டீன் சாதம், தூக்கம் கெட்ட ராத்திரி, நடக்க இடமில்லாத ரோடு, எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

தங்கச்சி என்ன பண்ணா?

லோன் எடுக்கலை. நான் வேண்டாம்னு சொல்லி இல்லை, 3,116 ரூபாய்ங்கற எண்ணைப் பார்த்துட்டு அவளே நிறுத்திட்டா.

செங்கல்பட்டுல ஓபி பார்த்தா. மெட்ஃபார்மின் மாத்திரை, சாப்பாட்டு முறை, வாரத்துல அஞ்சு நாள் ஏரிக்கரை பக்கம் நடை. நைட் ஷிஃப்ட்டை மாத்திக் கொடுக்கச் சொல்லி டாக்டர் கடிதத்தோட கம்பெனியில கேட்டா, ஒரு மாசம் இழுத்தடிச்சுட்டுக் கொடுத்தாங்க. கேன்டீன்ல சாதத்தைப் பாதியாக்கிட்டு வீட்டுல இருந்து வேகவெச்ச பயறு எடுத்துட்டுப் போறா. ஏழு மாசத்துல 90-ல இருந்து 84 கிலோ. அந்த அஞ்சு முதல் பத்து சதவீதக் கணக்குக்குள்ள வந்துட்டா. கடைசி அஞ்சு மாசத்துல மூணு தடவை பீரியட்ஸ் வந்திருக்கு. தாடை முடி அப்படியேதான் இருக்கு, அதுக்குத் தனியா தோல் டாக்டரைப் பார்க்கறா.

இஎம்ஐ கட்டியிருக்க வேண்டிய காசுல மாசம் 8,000 ஆர்டி போடறா. ஏழு மாசத்துல 56,000 சேர்ந்திருக்கு. பின்னாடி ஆபரேஷன்தான் வழின்னு ஆனா அது அதுக்கு, இல்லைன்னா எமர்ஜென்சி ஃபண்ட். கூடவே சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்தாச்சு, பிசிஓஎஸ்-ஐயும் ஸ்லீப் ஆப்னியாவையும் படிவத்துல எழுதித்தான். பிரீமியம் கொஞ்சம் ஏத்திப் போட்டாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லைங்கறதால அது கொஞ்சம் ஈடாச்சு. காத்திருப்பு இப்போ ஓட ஆரம்பிச்சிருச்சு.

அவகிட்ட நான் கறாரா சொன்னது ஒண்ணுதான். ஓபி சீட்டு, மாத்திரைச் சீட்டு, எடை எழுதின தேதி, டயட்டீஷியன் கொடுத்த தாள், எதையும் தூக்கிப் போடாதே. எக்ஸ்கிளூஷன் 06-ல "மத்த வழிகளை முயற்சி பண்ணியும் முடியாம"ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, நாளைக்கு அந்த வரிக்கு ஆதாரம் கேட்டா இந்தச் சீட்டுங்கதான் பேசும். மடிப்புல கிழிஞ்சுபோனதைக்கூட செலோ டேப் ஒட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சிருக்கா. சித்திக்கு இப்போ விஷயம் தெரியும். அடுத்த ஓபி வர்ற மாசம் 14-ம் தேதி, கூட அவங்கதான் போறாங்க.